மூன்றில் ஒரு பங்கு புல்லட்

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் அண்ணன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பக்கத்திலேயே பேனா. 'எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை' என்று முடிகிற தாள். நம்மில் பாதிப் பேர் அதில் கையெழுத்துப் போட்டிருப்போம், மீதிப் பேர் போடப்போகிறோம். என் கல்யாணத்தின்போது முக்கால் ஏக்கர் வயலுக்காக இதே மாதிரி ஒன்றில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அச்சன்புதூரை விட்டுத் தென்காசிக்குப் போனேன். "நகை போட்டாச்சுல்லா" என்றார் பெரியப்பா. சரி என்றேன். அதனால் இந்த முறையும் கை தானாகவே பேனாவை எடுத்தது. கடைசி வரியைப் பார்த்த பிறகுதான் நின்றது. தொழுவத்தில் நிற்கிற புல்லட்டையும் சேர்த்திருந்தார்கள். புனலூரிலிருந்து ஒருவர் அறுபதாயிரத்துக்குக் கேட்டு முன்பணமும் கொடுத்துவிட்டாராம்.

வயலுக்குத் திறக்காத வாய் ஒரு துருப்பிடித்த பைக்குக்கு ஏன் திறந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. "இதுல மூணுல ஒரு பங்கு எனக்கு" என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டான். "எந்தப் பங்கு? முன் சக்கரமா, பின் சக்கரமா?"

கேலிதான், ஆனால் கணக்கு சரியானது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் தானே சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. எங்கள் வீட்டில் மூன்று பேர். நிலம், வீடு என்றால்தான் சொத்து என்று நினைத்துக்கொள்கிறோம். பித்தளைக் குடம் முதல் மோட்டார் வண்டி வரை எல்லாம் அதில் சேரும். அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் எழுந்துவிட்டேன். புனலூர்க்காரருக்கு முன்பணம் திரும்பிப் போனது. அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, "எடுத்துக்கோ. ஆறு மாசத்துல நீயே பழைய இரும்புக் கடைக்குப் போடுவே" என்றான்.

வண்டி 1976 மாடல், 350 சிசி. அப்பா நெல் புரோக்கர். 1988-இல் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவரிடமிருந்து ஒன்பதாயிரத்துக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் புல்லட் என்றால் போலீஸ்காரர், பண்ணையார், இல்லையென்றால் வட்டிக்கு விடுபவர். நெல் புரோக்கரிடம் புல்லட் இருந்தால் விவசாயி இரண்டு வார்த்தை குறைத்துப் பேசுவான் என்பது அப்பாவின் கணக்கு. முழங்கால் போன பிறகு 2013-இல் தொழுவத்தில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார். அதன்மேல் கோழிகள் ஏழு வருஷம் அடைகாத்தன.

இந்த புல்லட்டின் கதை விசித்திரமானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. நம் ராணுவத்துக்கும் போலீசுக்கும் வேண்டும் என்று கேட்கப்போய், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு அச்சுகளும் கருவிகளுமே இங்கே வந்துவிட்டன. தாய்க் கம்பெனி 1970-களின் தொடக்கத்திலேயே கடையைக் கட்டிவிட்டது. அங்கே நின்றுபோன அதே வார்ப்பிரும்பு எஞ்சினைத் திருவொற்றியூரில் இன்னும் நாற்பது வருஷம் போல வார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் 1976 வண்டிக்கு இன்றும் பாகம் கிடைக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் என்று நான்கு வீச்சு எந்திரத்தைப் பதினான்கு வருஷமாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு வால்வைக் கையால் தொட்டதில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை எடுத்தோம். நானும் அண்ணன் மகனும். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. கிக்கரை மிதித்தால் கல் மாதிரி நின்றது. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்த மெக்கானிக்கிடம், பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி ஊற வைக்கலாமா என்று கேட்டேன். அவர் பதிலை அண்ணன் மகனைப் பார்த்துச் சொன்னார். அடுத்துக் கேட்டதற்கும் அவனைப் பார்த்தே பதில். பையன் நெளிந்துகொண்டு என்னைப் பார்க்கிறான். வாயைத் திறக்காத பதினைந்து வயதுப் பையன் கண்ணில் பட்டார், எதிரே நின்று கேட்கிற நாற்பது வயதுக்காரி படவில்லை. இரண்டாவது ஆள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார், நான் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் செங்கோட்டை ரோட்டில் பழைய புல்லட் மட்டும் பார்க்கிற அண்ணாச்சி. எழுபதைத் தொட்டவர், கண் மங்கத் தொடங்கியிருந்தது. "கையும் கண்ணும் நீ கொண்டா தாயி, வெவரம் நான் தாரேன்" என்றார். இதைவிட நியாயமான ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை.

டீசல் ஒன்பது நாள் ஊறியது. பிஸ்டன் வந்தது, ஆனால் சிலிண்டர் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போட்டோம். ஒயரிங் முழுவதும் எலிக்கு இரை. பெட்ரோல் டேங்கைக் குலுக்கினால் செம்மண் கொட்டியது. அமிலம் ஊற்றச் சொன்னார்கள். அம்மா, "குத்துவிளக்குக்குப் போடுறத போட்டுப் பாரேன்" என்றாள். இரண்டு கிலோ பழம்புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு முழம் சங்கிலியை உள்ளே போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டினோம். நான்கு நாளில் தகரம் வெளுத்தது. உடனே மண்ணெண்ணெய் விட்டு அலசவில்லை என்றால் காற்றுப் பட்டு மறுபடி துருவேறும். அது மட்டும் அண்ணாச்சி சொன்னது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் உள்ள பெண்களைப் போல அவளும் பீடி சுற்றுகிறவள். பத்து வயதில் மடியில் ஏறிய தட்டு அறுபத்தெட்டு வயதிலும் இறங்கவில்லை. இலையை நனைத்து, தகர அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்து உருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவாள். நல்ல காலத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம். ஒரு பீடி தடித்தாலும் மெலிந்தாலும் கடையில் கழித்துவிடுவார்கள், கூலி போய்விடும். ஆக அவள் விரலில் இருப்பது மில்லிமீட்டர் கணக்கு. அதை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'கைப்பழக்கம்' என்பார்கள்.

டேப்பட் வைக்கிற நாளன்று இது எனக்கு உறைத்தது. வால்வைத் தூக்குகிற இரண்டு புஷ்ராடுகள் எஞ்சினின் வலப்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கின்றன. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்க வேண்டும். அப்போது புஷ்ராடை விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் அசைத்தால் ஆடக் கூடாது. இடைவெளி என்று எண் எதுவும் கிடையாது, இரண்டு விரல்களுக்கு மட்டும் தெரிகிற எல்லை. நான் அரை மணி நேரம் திணறினேன். இறுக்கினால் சுற்றவில்லை, தளர்த்தினால் ஆடுகிறது. பீடித் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "தள்ளு" என்றாள். தூள் ஒட்டிய கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து உருட்டினாள். "இன்னும் ஒரு மயிரிழை இறக்கு. போதும். நிறுத்து." மறுநாள் அண்ணாச்சி வந்து பிடித்துப் பார்த்துவிட்டு, "யார் வச்சது?" என்று கேட்டார்.

பாயிண்ட் வைத்ததும் அவள்தான். பிஸ்டன் மேல் முனைக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி லேசாக இழுத்தபடி எஞ்சினைத் திருப்ப வேண்டும். தாள் நழுவுகிற நொடிதான் திறக்கிற நொடி. பிளக் துளை வழியாக விட்ட சைக்கிள் ஸ்போக்கில் அளவைப் பார்ப்பது என் வேலை. தாளை இழுப்பது அம்மா. "இந்தா... இந்தா விட்டுட்டு."

எல்லாம் சரியாக இருந்தும் முதல் தடவை மிதித்தபோது கிக்கர் திருப்பி அடித்தது. முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் கன்றிப்போய் மூன்று வாரம் நொண்டினேன். ஊர் கூடிவிட்டது. எதிர்வீட்டு மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கர்ப்பப்பை எறங்கிரும் பாத்துக்கோ" என்றாள். அக்கறைதான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா என்னைப் பெற்ற பன்னிரண்டாம் நாள் அடிபம்பில் தண்ணீர் அடித்துச் சுமந்தபோது கர்ப்பப்பையின் ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை.

திருப்பி அடித்ததற்கான காரணத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். வேகம் கூடக் கூடத் தீப்பொறியை முன்கூட்டியே தருவதற்கு உள்ளே இரண்டு எடைக் கட்டைகள் உண்டு. அவை துருவேறி விரிந்த நிலையிலேயே நின்றுவிட்டன. பிஸ்டன் மேலே ஏறுவதற்குள் தீ பற்றிவிட்டது, அது வந்த வழியே திரும்பி என் காலைத் தேடி வந்தது. சுத்தம் செய்து எண்ணெய் போட்டதும் சரியாயிற்று. பெண் மிதித்ததால் அடித்தது என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புல்லட்டை மிதிக்க ஆம்பளைக் கால் வேண்டும் என்பது நம் ஊரின் பழைய நம்பிக்கை. அண்ணாச்சி கற்றுக்கொடுத்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். சாவியைப் போடுங்கள். ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள அம்மீட்டரைப் பாருங்கள். முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் பாயிண்ட் மூடியிருக்கிறது, காயிலுக்குள் மின்சாரம் ஓடுகிறது. கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கால் முட்டும், முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது, பாயிண்ட் திறந்துவிட்டது. இப்போது இடது கைப்பக்கம் உள்ள டீகம்ப்ரெஷர் லிவரைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியே போகும். கிக்கரைக் கொஞ்சம் மட்டும் தாண்ட விடுங்கள். லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே மிதி. நான் ஐம்பத்து நான்கு கிலோ. ஒரே மிதியில் எடுக்கும். முள்ளைப் பார்க்காமல் பலத்தைக் காட்டி வியர்த்து நிற்கிற ஆண்களை இப்போது பெட்ரோல் பங்கில் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சொல்லித் தரலாம் என்று ஒருமுறை போனேன். அவர் கேட்கவில்லை.

அண்ணன் மகனுக்கு ஒரு ஆசை. "அத்தை, இதுக்கு டர்போ போடலாமா?" 1980-களில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி என்று நான்கு ஜப்பான் கம்பெனிகளும் டர்போ வைத்த பைக்குகளை விற்றன. அவற்றைப் புதுப்பிக்கிறவர்களின் வீடியோக்களை அவன் இரவெல்லாம் பார்ப்பான். டர்போ என்றால் என்ன என்று அவனுக்கு அடுப்பங்கரையில் வைத்துச் சொன்னேன். ஊதாங்குழலில் நாம் ஊதுகிறோம், காற்று கூடினால் தீ கூடும். அடுப்பிலிருந்து வீணாகப் போகிற புகையே ஒரு விசிறியைச் சுழற்றி அந்தக் குழலை ஊதினால் அது டர்போ. புகை போதுமான வேகம் எடுக்கிற வரை ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று எட்டி உதைக்கும். அந்த பைக்குகள் சில வருஷங்களுக்குள் கடைகளிலிருந்து மறைந்ததற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம். நம்முடையதோ ஒற்றைச் சிலிண்டர். விட்டு விட்டு ஒவ்வொரு குத்தாகத்தான் புகை வரும், விசிறி சீராகச் சுழலாது. வார்ப்பிரும்புக் கிழவியை ஏன் வதைக்க வேண்டும்?

அவனுக்குப் பதில் சொல்லத் தேடும்போதுதான் பீட்ரிஸ் ஷில்லிங்கைப் பற்றிப் படித்தேன். 1909-இல் இங்கிலாந்தில் பிறந்து, பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டியவர். மான்செஸ்டரில் பொறியியல் படித்தார். 1934-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தை மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் வாங்கினார். அவருடைய நார்ட்டனில் இருந்தது சூப்பர்சார்ஜர். டர்போவுக்கு அக்காள் முறை, புகைக்குப் பதில் எஞ்சினே அந்த ஊதுகுழலைச் சுழற்றும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் மூக்கைக் கீழே குத்தி இறங்கும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் தாறுமாறாகி எஞ்சின் நின்று நின்று போனது. ஷில்லிங் 1941-இல் துளையிட்ட ஒரு சின்ன உலோக வில்லையைச் செய்து, பெட்ரோல் வருகிற வழியில் வைத்தார். விமானத்தைப் பிரிக்காமலே மாட்டலாம். அந்த வில்லைக்கு அதிகாரப்பூர்வமான பெயர் ஒன்று உண்டு. ஆனால் விமானப் படையில் வழங்கியது அவர் பெயரையும் 'துளை' என்ற சொல்லையும் சேர்த்த இரட்டை அர்த்தப் பெயர். உயிரைக் காப்பாற்றிய பொருளுக்கு அப்படி ஒரு பெயர் வைத்துச் சிரித்திருக்கிறார்கள். எங்கள் கார்புரேட்டரின் பித்தளை ஜெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஜெட்டும் துளையிட்ட சின்ன உலோகத் துண்டுதான்.

ஜெட் சரியா என்பதை வண்டி ஏறும்போதுதான் சொல்லும். குற்றாலத்தில் சாரல் முடிந்து வெயில் அடித்த ஒரு நாள் புளியரைக்கு மேலே, கோட்டைவாசல் வளைவுகளில் மூன்றாவது கியரில் ஏற்றி, பாதியில் சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம். மூன்று ஜெட் மாற்றிய பிறகு பிளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். "முறுக்கு செவந்த மாதிரி இருக்கு" என்றாள். அதுதான் வேண்டிய நிறம்.

அடுத்தது ஆர்சி. வாகன உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் தாமதம், அபராதம். பதினைந்து வருஷம் தாண்டிய பைக்கின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து முந்நூறிலிருந்து ஆயிரமாகியிருந்தது. வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர். யார் பெயருக்கு மாற்றுவது என்ற இடத்தில் நான் என் பெயரை எழுதப் போனேன்.

"எம் பேரப் போடு" என்றாள் அம்மா.

அண்ணன், "ஒனக்கு லைசென்ஸே இல்லியே" என்றான். சொந்தமாக வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டியதில்லை, ஓட்டத்தான் வேண்டும்.

"ஒங்கப்பா வாங்குனதுன்னு ஊரெல்லாம் சொல்லுதாவ" என்றாள். "ஒம்பதாயிரத்துல ரெண்டாயிரம் அவுக. அஞ்சாயிரம் எஞ் சீட்டு. மிச்சம் எம்மட ரெட்டவடச் சங்கிலி. அது திரும்பவே இல்ல." கையில் இருந்த பீடியின் வாயை மடக்கி முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள். முப்பத்து நான்கு வருஷம் இதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "யாரு கேட்டா?" என்றாள்.

நானும் கேட்டதில்லை. மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் பேசிய நான்.

நோ அப்ஜெக்ஷன் தாளில் இந்த முறை அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

வண்டியைக் காட்டப் போகும் முன்பு அண்ணன் மகன் சாரி கார்டைக் கழற்றிவிடச் சொன்னான். அது இல்லாமல் பார்த்தால் வண்டி எடுப்பாக இருக்குமாம். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பாதிச் சக்கரமாவது மூடியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. இந்தியாவில் பைக்கைச் செய்கிறவர்கள் பெண்ணை நினைத்துப் பார்க்கிற ஒரே இடம் அந்தக் கம்பிதான், அதுவும் பின்னால், ஒருபக்கமாக. கழற்றலாம் என்று எனக்கும் ஆசை. "அப்ப நான் எங்குன உக்காருவேன்?" என்று உரிமையாளர் கேட்டதால் கழற்றவில்லை.

பெயர் மாறி வந்த வாரம் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து வடகரை வழியாகப் பண்பொழிக்குப் போனேன். அப்பாவின் பின்னால் உட்கார்ந்த அதே மாதிரி ஒருபக்கமாகவே உட்கார்ந்தாள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பழகிய கைகால் எல்லாம் தலைகீழ். தோப்புகளைத் தாண்டித் திருமலைக் குன்று தெரியும் இடத்தில் என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்து. வலப்பக்கம் என்னமோ தட்டுது."

எனக்குக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு ஐடிலிங்கில் விட்டுக் காதைக் குனிந்து வைத்தேன். இருந்தது, புகைபோக்கிச் சத்தத்துக்கு அடியில் மெல்லிய ஒரு டிக் டிக். டேப்பட் நட்டு ஒன்று தளர்ந்திருக்க வேண்டும். ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழற்றப் போனேன்.

"சூட்டுல வைக்கக் கூடாதுன்னு சொன்னியேளா" என்றாள். பாலத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஞ்சின் ஆற எப்படியும் ஒரு மணி நேரமாகும்.